சொல்லி வைத்தால் சாமைச் சோறு

சமயபுரத்தில் மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு வெளியே வரும் பல குடும்பங்களுக்கு அன்றைய நாள் அத்தோடு முடிவதில்லை. வேன் வாடகைக்குப் பிடித்தாயிற்று, பிள்ளைகளுக்கு லீவு, வெயிலும் இன்னும் ஏறவில்லை. "அப்படியே மலைக்கு ஒரு எட்டுப் போய்ட்டு வந்துரலாமே" என்று யாராவது ஒருவர் ஆரம்பித்துவைப்பார். மண்ணச்சநல்லூர் வழியாகத் துறையூர், அங்கிருந்து பச்சைமலை அல்லது புளியஞ்சோலை. கையில் இன்னொரு நாள் இருப்பவர்களுக்குக் கொல்லிமலை. திருச்சிக்காரர்களுக்கு ஊட்டி, கொடைக்கானலைவிடக் கிட்டத்தில் கிடக்கிற மலைகள் இவை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் துண்டுகள்.

மதியம் இரண்டு மணிக்கு மலைமேல் பசி எடுக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. கண்ணில் படுகிற முதல் கடையில் வண்டி நிற்கும். அங்கே கிடைப்பது பரோட்டா, முட்டை பிரைடு ரைஸ், காலிபிளவர் சில்லி, பாக்கெட் நூடுல்ஸ். அரிசியும் மைதாவும் கீழே இருந்து லாரியில் ஏறியவை. கோழி கறிக்கோழிப் பண்ணையிலிருந்து வந்தது. நாமக்கல் மாவட்டம் முட்டைக்கும் கோழிக்கும் இந்தியா முழுக்கப் பேர்பெற்றது, அந்தப் பண்ணைக் கோழி மலை ஏற எவ்வளவு நேரமாகும்? நாலாயிரம் அடி உயரத்துக்கு ஏறி, பஸ் ஸ்டாண்டு பரோட்டாவைச் சாப்பிட்டுவிட்டு இறங்கியவர்கள் பிறகு ஊரில் சொல்வது ஒன்றுதான்: "எடம் நல்லாருக்கு, சாப்பாடுதான் சரியில்ல." அந்த மலைகளில் சாப்பாடு நன்றாக இருக்கிறது. ஆனால், அது கடை வாசலில் பலகை போட்டுக்கொண்டு காத்திருப்பதில்லை. முதல் நாளே சொல்லி வைத்தவர்களுக்குத்தான் அது கிடைக்கிறது.

முதலில் மலை ஏறுவதற்கு முன்பான சாப்பாட்டைச் சொல்லிவிடுகிறேன்.

சமயபுரம் பசியையும் சோற்றையும் நன்றாக அறிந்த ஊர். மாசி மாதக் கடைசி ஞாயிறு தொடங்கி 28 நாட்கள், பக்தர்களுக்காக அம்மனே பச்சைப் பட்டினி விரதம் இருக்கிறாள். அந்த நாட்களில் சமைத்த தளிகை படைப்பதில்லை. துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர், பழம் ஆகியவைதான் நைவேத்தியம். பட்டினி இருக்கும் தெய்வத்தின் சந்நிதியில் 2021 செப்டம்பர் முதல் நாள் முழுவதும் அன்னதானம் நடக்கிறது என்பது எனக்கு எப்போதும் நெஞ்சை நிறைக்கும் விஷயம். மலைக்குப் போகிற அவசரத்திலும் அந்தப் பந்தியில் உட்கார்ந்துவிட்டுப் போகலாம். சாதம், சாம்பார், ரசம், மோர். ஒரு பயணத்தை அதைவிட நன்றாகத் தொடங்க முடியாது.

ஸ்ரீரங்கம், திருவானைக்காவல் பக்கமிருந்து கிளம்புகிறவர்களுக்குப் பார்த்தசாரதி விலாஸ் இருக்கிறது. 1943-இல் தொடங்கிய கடை. நெய் ரோஸ்ட்டுக்காகவே வெளியூரிலிருந்து ஆட்கள் தேடி வருகிறார்கள். ஆனால், கொல்லிமலை ஏறப்போகும் காலையில் அந்த நெய் ரோஸ்ட்டை இரண்டாகச் சாப்பிட வேண்டாம். காரவள்ளியிலிருந்து சோளக்காடு போகும் மலைப்பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதியிருப்பார்கள். இருபதைத் தாண்டும்போதே பின் சீட்டில் ஒரு குழந்தை முகம் வெளுத்துப்போகும். இட்லி, அதுவும் அரை வயிறு, கையில் ஒரு எலுமிச்சம்பழம். அவ்வளவு போதும். முழு வயிற்றுக்கு நெய் ரோஸ்ட் சாப்பிட வேண்டியது திரும்பி வந்த அன்று மாலை.

சமயபுரத்திலிருந்து மண்ணச்சநல்லூர் பக்கத்திலேயே இருக்கிறது. அரிசி ஆலைகளின் ஊர். மண்ணச்சநல்லூர் பொன்னி என்றால் திருச்சி வீடுகளில் தனி மதிப்பு. அதைத் தாண்டித் திருவெள்ளறை. புண்டரீகாட்சப் பெருமாள் கோயிலையும், பல்லவர் காலத்து ஸ்வஸ்திக வடிவக் கிணற்றையும் எட்டிப் பார்த்துவிட்டுப் போனால் துறையூர். பச்சைமலைக்கும் புளியஞ்சோலைக்கும் இதுதான் கடைசிப் பெரிய ஊர். ஓட்டல், பழக்கடை, ஏடிஎம் எல்லாவற்றையும் இங்கேயே முடித்துக்கொள்ள வேண்டும். மலைமேல் செல்போன் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். சிக்னல் இல்லாத இடத்தில் ஜிபே வேலை செய்யாது. சில்லறையாகப் பணம் எடுத்துப் போங்கள். மலைமேல் சூப் விற்கும் அம்மாவிடம் ஒரு டம்ளருக்கு ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினால் அவர் யாரிடம் போய்ச் சில்லறை மாற்றுவார்?

பச்சைமலையைப் பற்றி நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். துறையூரிலிருந்து சோபனபுரம் வழியாக மேலே ஏறினால் டாப் செங்காட்டுப்பட்டி. வனத்துறையின் தங்கும் குடில்கள் இருக்கின்றன, மங்களம் அருவி இருக்கிறது, முந்திரியும் பலாவும் புளியும் இருக்கின்றன, நல்ல காற்று இருக்கிறது. ஓட்டல் என்று சொல்லத்தக்கது இல்லை. டீக்கடையும் பெட்டிக்கடையும்தான். தங்கப் போகிறவர்கள் குடிலைப் பதிவு செய்யும்போதே சாப்பாட்டையும் கேட்டுச் சொல்லிவிட வேண்டும். ஒரு நாள் போய்த் திரும்புகிறவர்கள் புளியோதரை கட்டிக்கொண்டு போவதுதான் உத்தமம். வீட்டுப் புளியோதரையும் பொரித்த அப்பளமும், பச்சைமலை மரத்தடியும் சேர்ந்தால் எந்த ரிசார்ட் சாப்பாடும் கிட்டே வராது. தூக்குவாளியில் கட்டுங்கள். 2019 முதல் மாநிலம் முழுக்கப் பிளாஸ்டிக் தாளுக்கும் பைக்கும் தடை இருந்தும், அருவிக்கரைகளில் இன்னும் கிடப்பது நாம் சாப்பிட்டுப் போட்டதுதான்.

புளியஞ்சோலைக்கும் அதுவே. கொல்லிமலையில் ஆகாய கங்கை அருவியாக விழுகிற அய்யாறுதான் கீழே இறங்கி இங்கே வருகிறது. பாறைகளுக்கு நடுவே தெளிந்த தண்ணீர். குளித்தவுடன் எடுக்கும் பசிக்குக் கையோடு கொண்டுபோன சோறுதான் துணை.

இனி கொல்லிமலை. விஷயமே இங்கேதான் இருக்கிறது.

கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் முதல் ஆயிரத்து முந்நூறு மீட்டர் உயரம். வல்வில் ஓரி ஆண்டதாகச் சங்கப் பாடல்கள் சொல்கிற மலை. இங்கே வாழ்கிறவர்களில் பெரும்பான்மையோர் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்துக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை. பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகளின் வழிவந்தவர்கள் என்பது இவர்களே சொல்லும் கதை. சேர்வராயனிலும் பச்சைமலையிலும் இவர்களின் உறவுகள் இருக்கிறார்கள்.

செம்மேடுதான் மலையின் பஸ் ஸ்டாண்டு, கடைத்தெரு, எல்லாம். மெஸ்ஸும் ஓட்டலும் இங்கே உண்டு. காலையில் இட்லி, தோசை, மதியம் அளவுச் சாப்பாடு. பசிக்குக் குறையில்லை. சோளக்காடு சந்தைப் பக்கம் காலையில் போனால் மலைவாழை, அன்னாசி, கொய்யா, மிளகு குவிந்திருக்கும். சித்திரையிலிருந்து ஆடி வரைக்கும் பலா. மலை வாழைத்தார் ஒன்றைப் பழுக்கப் பழுக்க வீட்டில் தொங்கவிட்டுச் சாப்பிட்டவர்களுக்குத் தெரியும், கடையில் வாங்கும் பழத்துக்கு ஏன் மணமே இல்லை என்று.

தேனில் மட்டும் கவனம். சாலையோரம் பாட்டில்களை வரிசையாக அடுக்கி விற்கப்படுவதெல்லாம் மலைத்தேன் என்று நம்பிவிட முடியாது. தண்ணீரில் விட்டுப் பார்ப்பது, தீக்குச்சியில் தொட்டுக் கொளுத்திப் பார்ப்பது போன்ற சோதனைகள் எதையும் நிரூபிப்பதில்லை. பழங்குடியினர் கூட்டுறவு அமைப்போ மகளிர் குழுவோ நடத்தும் விற்பனையகத்தைக் கேட்டு அங்கே வாங்குவது நல்லது.

ஆகாய கங்கைக்கு இறங்கும் படிகள் ஆயிரத்துக்கு மேல். இறங்கும்போது தெரியாது, ஏறும்போது முழங்கால் சொல்லும். அந்த வழியில் கிடைப்பதுதான் முடவாட்டுக்கால் சூப். பாறையிலும் மரத்திலும் ஒட்டிக்கொண்டு வளரும் ஒரு பெரணியின் கிழங்கு அது. மேலெல்லாம் பழுப்பு ரோமம் மூடி, பார்ப்பதற்கு ஆட்டுக்கால் மாதிரியே இருக்கும். கத்தியால் ரோமத்தையும் தோலையும் சுரண்டி எடுத்தால் உள்ளே வெளிர்பச்சை. அதைச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி இடித்து, மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம் தட்டிப்போட்டுக் கொதிக்கவிடுகிறார்கள். மேலே மல்லித்தழை. மலை மிளகின் காரம் முதலில் தொண்டையில் பிடிக்கிறது. பிறகு ஆட்டுக்கால் சூப்புக்கே உரிய அந்தக் கொழகொழப்பு நாக்கில் தங்குகிறது. சைவர்கள் சந்தேகத்தோடு இரண்டாம் முறை கேட்டுக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

மூட்டுவலி உடனே போய்விடும் என்று அட்டையில் எழுதி வைத்திருப்பார்கள். அந்த நம்பிக்கைக்காகக் குடிக்க வேண்டாம், ருசிக்காகக் குடியுங்கள். மூட்டு வலிக்கு டாக்டர் இருக்கிறார். இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு டம்ளர் சூப் குடியுங்கள், கிழங்கைக் கிலோ கணக்கில் வாங்கி ஊருக்கு மூட்டை கட்டாதீர்கள். யாரும் வயலில் நட்டு வளர்க்கும் கிழங்கு இல்லை அது. பாறையைப் பற்றிக்கொண்டு மெல்ல வளர்வதைப் பிய்த்துப் பிய்த்துச் சந்தைக்கு அனுப்பினால் மலைக்கு மிஞ்சாது. படிகளில் குரங்குகள் அதிகம். கையில் திறந்த பொட்டலத்தோடு இறங்கினால் அது உங்களுடையதாக இருக்காது. குரங்குக்கு நீங்களாகவே பிஸ்கெட் போடுவது அதைவிடத் தப்பு.

அருவிக்கு மேலே அறப்பளீஸ்வரர் கோயில். அம்பலவாணக் கவிராயரின் அறப்பளீசுர சதகத்துக்குரிய ஈசன் இவர்தான். இந்தக் கோயிலுக்கும் ஒரு சாப்பாட்டுக் கதை உண்டு. ஓடையில் பிடித்துச் சமைத்த மீன்கள் மறுபடி பொருந்தித் துள்ளி ஆற்றுக்குள் ஓடிவிட்டனவாம். அதனால் இங்கே மீன்களைப் பிடிப்பதில்லை, பொரி போட்டு வணங்குகிறார்கள். இதற்கு நேர் எதிர் மாசிக்குன்றின் மாசி பெரியசாமி கோயில். நேர்ந்துகொண்டவர்கள் கிடாவும் சேவலுமாக ஏறி, அங்கேயே பொங்கி, அங்கேயே குழம்பு வைத்து, வந்தவர்களுக்கெல்லாம் இலை போடுவார்கள். கிடா விருந்துக்கு உறவுக்காரர்கள் யாராவது கூப்பிட்டால் மறுக்காதீர்கள். ஒரே மலையில் மீனைத் தொழும் ஓடையும் இருக்கிறது, ஊரே கறிச்சோறு தின்னும் குன்றும் இருக்கிறது. இரண்டுக்கும் பக்தி ஒன்றுதான்.

சாமைச் சோற்றுக்கு வருகிறேன்.

கொல்லிமலையில் ஒரு தலைமுறைக்கு முன்புவரை அன்றாடச் சோறு சாமை, தினை, வரகு, கேழ்வரகு. கேழ்வரகை இங்கே கேவுரு என்பார்கள். சாமையில் மட்டும் கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, பெருஞ்சாமை என்று வகை வகையாக விதை வைத்திருந்தார்கள். மழை முந்தினால் ஒன்று, பிந்தினால் ஒன்று, மண் மெலிந்த மேட்டுக்கு இன்னொன்று. இந்த அறிவு புத்தகத்தில் இருந்ததில்லை, பெண்களின் கைகளில் இருந்தது.

பிறகு மரவள்ளி ஏறியது. சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குக் கிழங்கு வேண்டும். காசு கையில் வரும் பயிர். ரேஷன் கடையில் அரிசியும் கிடைத்தது. சாமைக்கோ விலையில்லை. அதைவிடப் பெரிய தொல்லை அதன் உமி. நெல்லைப்போல அவ்வளவு லேசில் உமி போகாது. உரலில் போட்டுக் குத்தி, புடைத்து, மறுபடி குத்தி, மறுபடி புடைத்து, ஒரு வேளைச் சோற்றுக்கு அரிசி எடுப்பதற்குள் தோள்பட்டை விட்டுப்போகும். அந்த வேலை முழுக்கப் பெண்களுடையது. சாமையை விட்டதற்காக அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உலக்கையைப் பிடிக்காதவர்கள் "பாரம்பரியம் போச்சே" என்று புலம்புவது சுலபம்.

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களில் இங்கே வந்து வேலை தொடங்கியபோது கையில் எடுத்தது இதைத்தான். விதைகளைச் சேகரித்து ஊருக்குள்ளேயே விதை வங்கி வைத்தார்கள். கூடவே, உமி நீக்கும் சின்ன இயந்திரங்களைக் கிராமங்களில் நிறுவினார்கள். பெண்கள் குழுக்கள் அவற்றை நடத்தின. சாமை அரிசி, தினை மாவு, கேவுரு மாவு என்று பாக்கெட் போட்டுக் கொல்லிமலைப் பெயரிலேயே விற்கத் தொடங்கினார்கள். என் பார்வையில், அந்தப் பயிரைக் காப்பாற்றியதில் விதை வங்கிக்குச் சமமான பங்கு அந்த இயந்திரத்துக்கும் உண்டு.

அந்தச் சாமை இன்று ஓட்டல் பலகையில் அரிதாகத்தான் இருக்கிறது. செம்மேட்டிலோ வாசலூர்ப்பட்டிப் பக்கமோ தங்கும் விடுதியில் கேட்டால், அக்கம்பக்கத்துக் கிராமத்தில் சமைத்துக் கொடுக்கும் வீட்டையோ மகளிர் குழுவையோ காட்டுவார்கள். முதல் நாள் சாயங்காலமே எத்தனை பேர், என்ன வேண்டும் என்று சொல்ல வேண்டும். எந்த வீட்டில் திடீரென்று போய்க் கேட்டாலும், "நேத்தே ஒரு போன் போட்டிருந்தா கோழி புடிச்சு வெச்சிருப்போமே" என்பார்கள். அது உண்மை. மேய்கிற நாட்டுக்கோழியைப் பகலில் துரத்திப் பிடிக்க முடியாது, இரவு அடையும்போதுதான் பிடிக்க வேண்டும்.

சொல்லி வைத்துப் போனவர்களுக்குக் கிடைக்கும் இலை இது. சாமைச் சோறு, வெந்து மலர்ந்து, பருக்கை ஒட்டாமல், லேசான பழுப்பில். அரிசிச் சோற்றைவிடச் சீக்கிரம் வயிறு நிறையும், அதனால் முதலில் குறைவாகவே வாங்கிக்கொள்ளுங்கள். அதன்மேல் நாட்டுக்கோழிக் குழம்பு. தேங்காய் அதிகமில்லை, மலை மிளகு முன்னால் நிற்கும், எலும்பின் சாறு முழுக்க இறங்கியிருக்கும். சாமைப் பருக்கை குழம்பை உறிஞ்சிக்கொள்வதால் இலையில் ஓடாது. கறி வேண்டாதவர்களுக்கு மொச்சைக் குழம்பு. கொள்ளு ரசம். பெயர் கேட்டாலும் மறந்துபோகிற ஏதோ ஒரு காட்டுக் கீரைக் கடையல். கேவுருக் களி உருண்டை வேண்டுமென்றால் தனியாகச் சொல்ல வேண்டும், அதை மெல்லக் கூடாது, குழம்பில் தொட்டு விழுங்க வேண்டும். கடைசியில் தேனில் பிசைந்த தினை மாவு. குழந்தைகள் அதைத்தான் இரண்டாம் முறை கேட்கும்.

இதற்கு ஓட்டல் விலையைவிடக் கொஞ்சம் கூடக் கேட்பார்கள். பேரம் பேசாதீர்கள். நாட்டுக்கோழி பண்ணைக்கோழி விலையில் வளர்வதில்லை. சாமை ஏக்கருக்குக் கொடுக்கும் மகசூலும் மரவள்ளிக்கு எதிரே ஒன்றுமில்லை. விதைத்தவருக்கும் குத்தியவருக்கும் சமைத்தவருக்கும் அந்தக் காசு நேராகப் போகிறது. மலைமேல் நாம் செலவழிக்கும் வேறெந்தக் காசும் அப்படிப் போவதில்லை.

விளைவிக்கிறவர்களே சமைத்துப் போடும் இந்த ஏற்பாட்டை அரசாங்கங்கள் ஒழுங்குபடுத்தியும் காட்டியிருக்கின்றன. இத்தாலி 1985-இல் ஒரு சட்டமே போட்டது. விவசாயி தன் வீட்டில் விருந்தினரைத் தங்கவைத்துச் சாப்பாடு போடலாம், ஆனால் சமையலில் தன் நிலத்து விளைச்சல் இருக்க வேண்டும். மலைக் கிராமங்கள் காலியாகிக்கொண்டிருந்த நாட்டில் பல குடும்பங்கள் நிலத்தை விடாமல் இருக்க அது கைகொடுத்தது. அவ்வளவு தூரம் போக வேண்டாமென்றால் ஒடிசா இருக்கிறது. 2017-இல் சிறுதானிய இயக்கம் தொடங்கிய அந்த மாநிலத்தில் பழங்குடிப் பெண்கள் குழுக்கள் கேழ்வரகுப் பலகாரக் கடைகளை நடத்துகின்றன. தமிழ்நாட்டிலும் 2023-இல் நீலகிரி, தருமபுரி ரேஷன் கடைகளில் மாதம் இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கும் திட்டம் வந்தது. அதே 2023 உலகம் முழுக்கச் சிறுதானிய ஆண்டு. நகரத்துச் சூப்பர் மார்க்கெட்டுகளில் சாமை அரிசி அலங்காரப் பாக்கெட்டில் ஏறிவிட்டது. சாமை விளையும் மலையின் பஸ் ஸ்டாண்டில் ஒரு தட்டுச் சாமைப் பொங்கல் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

செய்ய வேண்டியது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. சமைத்துக் கொடுக்கும் வீடுகள், குழுக்களின் பெயரும் போன் நம்பரும் கொண்ட ஒரு பலகை. காரவள்ளி அடிவாரத்தில் ஒன்று, முள்ளுக்குறிச்சி வழியாக ஏறுகிறவர்களுக்கு ஒன்று, செம்மேடு பஸ் ஸ்டாண்டில் ஒன்று. சமயபுரத்திலும் ஒன்று வைக்கலாம், மலைக்குப் போகும் எத்தனை வேன்கள் அங்கே நிற்கின்றன! சுற்றுலாத் துறையும் மகளிர் திட்டமும் சேர்ந்து உட்கார்ந்தால் முடிகிற வேலை. எண்ணைக் கீழேயே குறித்துக்கொண்டால், மேலே சிக்னல் இல்லாவிட்டாலும் இலை காத்திருக்கும்.

அதுவரை, தங்குமிடத்துக்குப் பதிவு செய்யும் அதே போனில் கேளுங்கள்: "நாளைக்கு மதியம் சாமைச் சோறு கிடைக்குமா? யார் செஞ்சு தருவாங்க?" இல்லையென்று சொன்னால், அடுத்த இடத்துக்குப் போடுங்கள். கேட்கிறவர்கள் கூடக் கூடத்தான் அடுப்புகள் கூடும். ஆடி 17, 18 தேதிகளில் செம்மேட்டில் வல்வில் ஓரி விழா. மலை முழுக்கக் கூட்டம், வளைவுகளில் வண்டி நகராது, சமைக்கிற பெண்களே விழாவுக்குப் போயிருப்பார்கள். விழாவைப் பார்க்கவென்றே போகிறவர்கள் ஒரு வாரம் முன்னாலேயே சொல்லி வையுங்கள். சாப்பாட்டுக்காகப் போகிறவர்கள் ஆவணியில் போங்கள். கூட்டம் வடிந்திருக்கும், அருவியிலும் தண்ணீர் இருக்கும், கேட்டதைச் சமைத்துப்போட அவர்களுக்கும் நேரம் இருக்கும்.